கல்வராயன் மலையில் காளான் வேட்டை

காளானைப் பற்றி நம் நாட்டில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், கொல்லைப்புறத்தில் வெண்குடை விரித்து நிற்கும் அந்தப் பதார்த்தத்தைக் கண்டதும், "ஐயோ, நாய்க்குடை! குழந்தைகள் தொட்டுவிடப் போகிறார்கள்!" என்று துடைப்பத்தை எடுக்கிறவர்கள் ஒரு கட்சி. "அடடா, காளான்! மிளகு தட்டிப் போட்டு வதக்கினால் எப்படியிருக்கும்!" என்று சட்டியைத் தேடுகிறவர்கள் மற்றொரு கட்சி.

முதல் கட்சிக்குச் சாஸ்திர பலம் உண்டு. பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு காளானையும் சேர்த்து, துவிஜர்களுக்கு ஆகாது என்று மனு ஸ்மிருதி விலக்கி வைத்தது. பூண்டும் வெங்காயமும் வெகு காலத்துக்கு முன்பே தண்டனைக் காலம் முடிந்து விடுதலையாகி, ஆசாரமான அடுக்களைகளிலேகூட ஜம்மென்று உட்கார்ந்துவிட்டன. காளானுக்கும் இப்போது விடுதலை கிடைத்திருக்கிறது. ஆனால் நிபந்தனையின் பேரில் கிடைத்த விடுதலை. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைபட்டு, விலைச் சீட்டு ஒட்டப்பட்டு, கடையிலிருந்து வந்தால்தான் நம் வீடுகளில் அதற்கு மரியாதை. தானாகவே மண்ணிலிருந்து தலையை நீட்டும் காளான் இன்னமும் சந்தேகப் பேர்வழிதான்.

இரண்டாவது கட்சிக்கு இருப்பது நாக்கு பலம் ஒன்றே. அதைக் குறைவாகச் சொல்வதற்கில்லை. உலக சரித்திரத்தில் நாக்கு சாதித்த காரியங்கள் அநேகம். ஆனாலும் காளான் விஷயத்தில் நாக்கைப் போன்ற மோசமான வழிகாட்டி வேறு கிடையாது. உலகத்திலேயே அதிகமான பேரைக் கொன்ற காளான் ஐரோப்பாவில் பிறந்த 'மரணக் குல்லாய்' என்பது. அதைத் தின்று தப்பிப் பிழைத்தவர்கள், ருசியாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்!

இந்த இரண்டு கட்சிகளிலும் சேராத மூன்றாவது வகை மனிதர்கள் சிலர் உண்டு. அவர்கள் காளானைக் கண்டு பயப்படுகிறதுமில்லை, ஆசைப்படுகிறதுமில்லை. நாம் தெருவில் போகிறவரைப் பார்த்து, "இவர் நம் தபால்காரர், அவர் யாரோ தெரியவில்லை" என்று சொல்லுவது போல், "இது தெரியும், அது தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்க் கொண்டேயிருப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கல்வராயன் மலையில் சந்திக்கும் பாக்கியம் சென்ற புரட்டாசியில் எனக்கும் என் ஸ்நேகிதர்கள் மூவருக்கும் கிடைத்தது.

கல்வராயன் மலை எங்கே இருக்கிறது என்று பட்டணத்து நேயர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜவ்வாது, சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளோடு சேர்ந்து, கிழக்குத் தொடர்ச்சி மலையில் அதுவும் ஒரு தொகுதி. வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன். தெற்கே இருப்பது பெரிய கல்வராயன். 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியில் ஒரு பகுதியும், சேலம் ஜில்லாவில் ஒரு பகுதியுமாக மலை கிடக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மலைப் பாதையில் ஏறினால் கரியாலூர். அதற்கு அப்பால் வெள்ளிமலை. கடுக்காயும் புளியும் தேனும் காட்டிலிருந்து வருகின்றன. சாமையும் மரவள்ளியும் காட்டைத் திருத்திய நிலத்தில் விளைகின்றன. அங்கே வசிப்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆளுகிறவர்கள் என்பதனால் அந்தப் பெயர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று அவர்கள் பரம்பரைக் கதை சொல்லுகிறது. பேசுவது நல்ல தமிழ்.

'மலையை ஆளுகிறவர்கள்' என்று பெயர்தானே ஒழிய, ஆண்டவர்கள் வேறு. தேசம் 1947-ல் சுதந்திரம் அடைந்ததென்று நாம் கொடியேற்றிக் கொண்டாடினோம். இந்த மலையோ 1976 வரையில் ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தது. அதன் பிறகும் இந்த மலையைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தால், அது பெரும்பாலும் கள்ளச் சாராய ஊறலை அழித்த செய்தியாகவே இருக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெதனால் கலந்த விஷச் சாராயத்தைக் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது, தேசம் முழுவதும் இந்த ஊரின் பெயரை உச்சரித்தது. கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக் கொண்டது அதற்குப் பிறகுதான். மெதனாலும் நாக்குக்குத் தெரியாத விஷம். குடித்துப் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும் விஷம். காளானைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

எங்கள் கோஷ்டியில் ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், நான் ஆக நால்வர். காப்புக் காட்டுக்குள் நுழைவதற்கு வனத்துறையார் அனுமதி வேண்டும். ஆகையால் மலைக் கிராமத்தை ஒட்டிய தோட்டங்களிலும் பொதுப் பாதைகளிலும் மட்டும் நடப்பது என்று தீர்மானம். (காட்டில் விளையும் சிறு பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை மலை ஜனங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்திருக்கிறது. அது அவர்களுக்குத்தான், கூடையோடு வரும் நமக்கு இல்லை.) எங்களுக்கு வழி காட்ட வந்தவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். கூடவே ஒன்பதாவது படிக்கும் பேரன். மலையில் இரண்டு நாள் விடாமல் இடி இடித்து மழை பெய்து, மூன்றாம் நாள் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. "இடி இடிச்சாத்தான் சாமி பூமி வாய தொறக்கும்" என்றார் அந்த அம்மாள்.

வக்கீலிடம் ஒரு கைபேசி இருந்தது. எல்லாரிடமும் இருக்கும் கைபேசிதான். ஆனால் இவருடையதில் காளான் ஜோசியம் சொல்லும் ஒரு செயலியை ஏற்றி வைத்திருந்தார். காளானைப் படம் பிடித்தால், அது இன்ன ஜாதி, தின்னலாமா கூடாதா என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுமாம். "காலம் மாறிப் போச்சு சார்! இனிமேல் பாட்டி வைத்தியம், பாட்டி காளான் எல்லாம் மியூஸியத்தில்தான்" என்று மலையேறும்போதே தீர்ப்பு வழங்கிவிட்டார்.

ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில், கடுக்காய் மரம் ஒன்றின் அருகில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. அதைச் சுற்றி நாலு முழ தூரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு காளான்கள். சில இன்னும் விரியாத மொட்டுகள். நடுவில் கூரிய முனை, வேல் நுனியைப் போல. சில நன்றாக விரிந்து, ஓரம் கிழிந்து, சாம்பல் கலந்த வெள்ளையில் இருந்தன. அந்த அம்மாள் குனிந்து, தண்டின் அடியில் இரண்டு விரலை விட்டு, மெல்லத் திருகி எடுத்தார். தண்டு மண்ணுக்கு மேலே இருந்ததைப் போல் இன்னொரு மடங்கு மண்ணுக்குள்ளே வேர் மாதிரி நீண்டிருந்தது. "வேரு புத்துக்குள்ள போவுதா பாரு சாமி. அது போனாத்தான் நம்ம காளான்."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும்.

புற்றுக் காளானை விளைவிப்பது மழையுமல்ல, இடியுமல்ல, கறையான். நம் நாட்டுப் புற்றுக் கறையான்கள் உலர்ந்த சருகையும் மரத்தையும் அரித்துக் கொண்டுபோய், அரைகுறையாய் ஜீரணித்து, புற்றினுள்ளே தேன் கூட்டைப் போல, கடற்பஞ்சைப் போல, அறை அறையாக ஓர் அமைப்பைக் கட்டுகின்றன. அதன் மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. மரத்திலுள்ள கடினச் சத்தைப் பூஞ்சை மிருதுவாக்கிக் கொடுக்கிறது. சிறு வெள்ளை முத்துக்களாகத் திரளும் அந்தப் பூஞ்சையையும், பக்குவமான பழைய கூட்டையும் கறையான் உணவாகக் கொள்கிறது. மனிதன் ஏர் பிடிக்கக் கற்று 10,000 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம் ஆகியிருக்கலாம். கறையான் இந்த விவசாயத்தைத் தொடங்கிச் சுமார் 3 கோடி ஆண்டுகள் ஆயின என்று சாஸ்திரக்ஞர்கள் கணக்கிடுகிறார்கள். மழைக் காலத்தில் தக்க பருவம் வந்ததும் அந்தப் பூஞ்சை, புற்றுக்குள் இருக்கும் கூட்டிலிருந்து ஒரு நீண்ட தண்டை மேலே அனுப்பி, வெளியே வந்து குடை விரிக்கிறது. நாம் பறித்துத் தின்பது அதைத்தான். அந்த அம்மாள் காட்டிய 'வேர்', காளான் கறையானின் வயலிலிருந்து ஏறி வந்த ஏணி.

இந்த ரகசியத்தை வெளியுலகம் தெரிந்துகொண்டதில் நம் தமிழ் நாட்டுக்கும் ஈழத்துக்கும் பெரும் பங்கு உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வைத்தியராக இருந்த கோனிக் என்ற ஜெர்மானியர், நம் பக்கத்துக் கறையான் புற்றுகளை வெட்டிப் பார்த்து, உள்ளே வளரும் பூஞ்சையை விவரித்து 1779-ல் ஒரு வியாசம் வெளியிட்டார். 1906-ல் இலங்கைப் பேராதனைத் தோட்டத்தில் பெட்ச் என்ற ஆங்கிலேய நிபுணர் விஷயத்தை இன்னும் தெளிவாக ஆராய்ந்து எழுதினார். இந்தக் காளான் குலத்துக்கு 1942-ல் லத்தீன் நாமகரணம் செய்தவர் பாரிஸ் நகரத்து ரோஜர் ஹைம். பிறகு 1979-ல் சென்னை சர்வகலாசாலையைச் சேர்ந்த தாவர சாஸ்திரி கே. நடராஜன், தென்னிந்தியக் காளான்களை ஆராய்கையில் இக்குலத்தில் ஒரு புது இனத்தை விவரித்து, அந்த ஹைமின் பெயரையே அதற்கு இட்டார். நமது புற்றில் முளைத்ததற்கு ஒரு பிரெஞ்சுக்காரர் பெயரா என்று கேட்கலாம். குரு ஸ்தானத்தில் இருப்பவருக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொள்வதே அழகு. மலையில் அதைப் புற்றுக் காளான் என்றுதான் சொல்லப் போகிறார்கள். ஹைமும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதே குலத்தில் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா தேசத்தில் ஒரு காளான் உண்டு. அதன் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியுமாம். ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாம்! நம் பக்கத்தில் இதற்கு நேர் விரோதமாக, சட்டைப் பொத்தான் அளவில், நூற்றுக்கணக்கில், அரிசியை இறைத்தாற்போல் முளைக்கும் ஒன்று உண்டு. அதுவும் கறையானின் பயிர்தான். மனிதன் எவ்வளவோ முயன்றும், கறையானின் ஒத்தாசையில்லாமல் இந்தக் குலத்தை வியாபார ரீதியில் பயிராக்க முடியவில்லை. மற்றக் காளான்களில் நாம் சாமர்த்தியசாலிகளாகத்தான் இருக்கிறோம். 1943-லேயே கோயமுத்தூரில் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார்கள். வங்காளத்திலிருந்து 1974-ல் விவரிக்கப்பட்ட பால் காளானை, அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் பக்குவப்படுத்தி 1998-ல் தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலை குடியானவர்களுக்கு அளித்தது. ஆனால் புற்றுக் காளான் வேண்டுமானால், இன்றைக்கும் மழைக்குக் காத்திருந்து மலைக்குத்தான் போயாக வேண்டும்.

தமிழாசிரியருக்கு அதற்குள் சங்க காலம் ஞாபகம் வந்துவிட்டது. காளானுக்குப் பழந்தமிழில் ஆம்பி என்று பெயர். நம் புலவர்களுக்கு அது வறுமையின் முத்திரை. சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடப்பதாகப் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் போய்ச் சொல்லுகிறார். சிறுபாணாற்றுப்படையில் வரும் ஏழைப் பாணனின் அடுக்களையிலோ, பழஞ்சுவரைக் கறையான் அரித்த புழுதியில் காளான் முளைத்திருக்கிறது. "கவனித்தீர்களா? கறையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்த கண் ஐயா அது! அந்தப் பாட்டின் தலைவன் நல்லியக்கோடனின் ஓய்மா நாடும் வெகு தூரத்தில் இல்லை, திண்டிவனத்துப் பக்கம்" என்றார் ஆசிரியர். "அவ்வளவு காளான் முளைத்திருந்தும் பாணன் மனைவி ஏன் குப்பைக் கீரையை வேக வைத்தாள்?" என்று வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். ஆசிரியர் சிறிது யோசித்து, "அது தெரியாத காளானாக இருந்திருக்கும்" என்றார். அன்றைய தினம் அவர் சொன்னவற்றில் இதுதான் பிரமாதம்.

வக்கீல் சும்மா வரவில்லை. புற்றுக் காளான் கொஞ்சம் கையில் கிடைத்ததும் உற்சாகம் மிகுந்து, தனிக் கூடையோடு ஓர் ஆட்டுப் பட்டியின் பக்கத்துப் புல்தரைக்குப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தபோது கூடை நிறைந்திருந்தது. அடியில் புற்றுக் காளான். மேலே பெரிய, வெகு அழகான வெண் குடைகள். நடுவில் பழுப்புச் செதில். தண்டில் மோதிரம் போட்டாற்போல் ஒரு வளையம். சிலவற்றை இரண்டாய்ப் பிளந்து பார்த்திருந்தார். "செயலி என்ன சொல்கிறது?" என்று டாக்டர் கேட்டார். "உண்ணத் தகுந்தது என்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிச்சயமாம்!" என்றார் வக்கீல் பெருமையாக.

அந்த அம்மாள் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையை வாங்கி, அப்படியே கவிழ்த்து, பாதை ஓரத்துப் பள்ளத்தில் கொட்டிவிட்டார். புற்றுக் காளான் உட்பட!

வக்கீலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வேண்டாததைப் பொறுக்கி எறிந்தால் போதாதா, அம்மா? நல்லதையும் சேர்த்துக் கொட்டுவது என்ன நியாயம்?" என்றார்.

"ஒடஞ்ச துண்டு எது எதுல கெடக்குதோ, யாரு கண்டா? தெரிஞ்சதும் தெரியாததும் ஒண்ணாக் கெடந்தா, எல்லாமே தெரியாததுதான் சாமி" என்றார் அந்த அம்மாள்.

"அது விஷக் காளானா?"

"எனக்குத் தெரியாது. எங்க ஆயா அத எனக்குக் காட்டல."

இந்தப் பதிலை நான் அநேக முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். விஷம் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய சாஸ்திரத்தில் விஷக் காளான், நல்ல காளான் என்ற பிரிவே இல்லை. காட்டிக் கொடுக்கப்பட்டது, காட்டிக் கொடுக்கப்படாதது என்ற பிரிவு ஒன்றே உண்டு. ஏழெட்டு வகைக் காளானை அவருக்கு ஒருவர் கைப்பிடித்துக் காட்டியிருக்கிறார். மற்றதெல்லாம், அது அமிர்தமாகவே இருந்தாலும், அவருக்கு நாய்க்குடைதான்.

டாக்டர் பள்ளத்தில் கிடந்த வெண் குடை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். தங்கியிருந்த விடுதியில் அதன் தண்டை நறுக்கிவிட்டு, குடையை ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, டம்ளரால் மூடி வைத்தார். காளான் இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத விதைத் தூளைச் சொரியும். காலையில் குடையை எடுத்தால் அதன் வர்ணம் காகிதத்தில் படிந்திருக்கும். புற்றுக் காளானாயிருந்தால் வெளிறிய ரோஜா நிறம். மறுநாள் காலையில் எல்லாரும் காபியைக்கூட மறந்து காகிதத்தைச் சூழ்ந்துகொண்டோம். வட்டமாக, சக்கரத்தின் ஆரங்களைப் போல, பாசி படிந்த குளத்து நீரின் பச்சை நிறத்தில் அச்சு விழுந்திருந்தது!

பச்சைத் தூள் சொரியும் அந்தக் காளான் உஷ்ணப் பிரதேசம் முழுவதும் புல்தரைகளில் முளைப்பது. இளமையில் அதன் மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும். முதிர்ந்த பிறகே பச்சை தட்டும். தின்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் கண்டு, உடம்பை முறுக்கிப் போட்டுவிடும். பெரியவர்கள் சாதாரணமாகப் பிழைத்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். வக்கீல் அன்று காலை முழுவதும் கைபேசியைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

உடனே வாந்தி எடுக்க வைக்கும் காளான் ஒரு விதத்தில் யோக்கியமான விரோதி. முன் சொன்ன மரணக் குல்லாயும் அதன் பங்காளிகளும் அப்படியல்ல. தின்று ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஒன்றும் தெரியாது. பிறகு கடுமையான வாந்தி பேதி. அது ஒரு நாளில் அடங்கி, "பிழைத்தோம்!" என்று வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் விஷம் ஈரலைக் கரைத்துக் கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகி நினைவு தப்பும். வேக வைத்தாலும், காய வைத்தாலும் அந்த விஷம் அழிவதில்லை. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் குடும்பத்தவர்கள். பட்டணத்து ஹோட்டலில் ருசிக்காகத் தின்றவர்களல்ல. குழம்புக்குக் காய் இல்லாமல் பறித்தவர்கள்.

நம் வீடுகளில் காளானைச் சோதிப்பதற்கென்று சில முறைகள் வழங்குகின்றன. வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்க வைத்தால், விஷமானால் காசு கறுக்கும் என்பார்கள். பூண்டோ மஞ்சளோ போட்டால் நிறம் மாறும் என்பார்கள். எறும்பும் நத்தையும் கடித்திருந்தால் நாமும் தின்னலாம் என்பார்கள். இவ்வளவும் பொய். நத்தைக்கு ஆகாரமாவது நமக்கு எமனாகலாம். நத்தையின் ஈரல் வேறு, நமது ஈரல் வேறு. இந்தச் சோதனைகளை நம்புவதைவிட ஒன்றுமே தெரியாமல் இருப்பது எவ்வளவோ மேல். தெரியாதவன் பறிக்காமலாவது இருப்பான்.

உண்மையாகவே காளானை நன்கு அறிந்தவர்களுக்குக்கூட ஒரு கண்டம் உண்டு. 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், புது வருஷ விருந்தில் காளான் சாப்பிட்ட இருவர் இறந்து போனார்கள். சமைத்தவரே ஒரு சமையல் நிபுணர். சீனாவிலிருந்து வந்து குடியேறியவர். சீனாவிலும் நம் பக்கத்திலும் உண்ணும் வைக்கோல் காளானைப் போலவே, இளம் பருவத்தில் மரணக் குல்லாயும் முட்டை வடிவில் இருக்கும். அது ஐரோப்பிய ஓக் மரத்தின் வேரோடு ஒட்டி ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய காளான். ஒரு தேசத்துக் கண், வேறொரு தேசத்து மண்ணில் ஏமாந்துவிட்டது. கல்வராயன் மலை அம்மாளைக் கொண்டுபோய் நீலகிரியில் விட்டால் என்ன செய்வார் என்று நான் கேட்டுப் பார்த்தேன். "அங்க நான் பறிக்க மாட்டேன்" என்று தயங்காமல் பதில் வந்தது. செயலிக்கு இந்த அடக்கம் கிடையாது. அதற்குக் கான்பெராவும் ஒன்றுதான், கரியாலூரும் ஒன்றுதான்.

டாக்டர் சொன்னதை இங்கே எழுதி வைக்காவிட்டால் அவர் என்னை மன்னிக்க மாட்டார். காளான் சாப்பிட்டபின் வாந்தி கண்டால், நின்றுவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சமைத்ததில் மிச்சமும், பறித்ததில் மிச்சமும், குப்பையில் எறிந்த தண்டு உட்படக் கையோடு எடுத்துப் போக வேண்டும். கூடச் சாப்பிட்ட எல்லாரும், ஒன்றும் செய்யாதவர்கள்கூட, போக வேண்டும். ஈரலைக் காக்க மருந்துகள் இருக்கின்றன, நேரம்தான் முக்கியம்.

அன்று மாலை அந்த அம்மாளின் வீட்டில், அவரே பறித்த காளானை அவர் மருமகள் சமைத்துக் கொடுத்தார். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய், சாமைச் சோறு. தண்டைக் கத்தியால் வெட்டாமல் கையால் நாராகக் கிழித்துப் போட்டிருந்தார்கள். கடைக் காளானைப் போல் வழுவழுப்பு இல்லை. பல்லுக்கு வேலை கொடுத்து, பிறகு ஒரு மண் வாசனையை மூக்குக்கு அனுப்பியது. வக்கீல் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டதை இங்கே குறிப்பிடுகிறேன், அவர் ஆட்சேபிக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு தமிழாசிரியர் பேரனிடம் பேச்சுக் கொடுத்தார். பையன் அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறான்; விடுமுறைக்குத்தான் வீடு. கறையான் செல்லுலோஸைத் தின்னும் என்று சொன்னான். காளான் பூக்காத தாவரமல்ல, தனி ராஜ்யம் என்றும் சொன்னான். முற்றத்து ஓரத்தில் முளைத்திருந்த ஒன்றைக் காட்டி, "இது எது?" என்று கேட்டதற்கு மட்டும் விழித்தான். காளான் பூக்கும் நாட்களில் அவன் மலையில் இருப்பதில்லை. பள்ளிக்கூடம் போகவேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது. இந்த மலை அதற்காகக் காத்திருந்த காலம் கொஞ்சமல்ல. ஆனால் புற்றுகளும் குறைந்து வருகின்றன என்று அம்மாள் சொன்னார். மரவள்ளிக்காக டிராக்டர் விட்டு உழும்போது புற்றைத் தரைமட்டமாக்கிவிடுகிறார்களாம். ஒரு புற்று போனால் அதன் காளானும் போயிற்று. இன்ன புற்றில் இன்ன மாதத்தில் காளான் வரும் என்ற கணக்கு அம்மாளின் தலையைத் தவிர வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. பையனின் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, பேனாவை அவன் கையில் கொடுத்து, "ஆயா சொல்லச் சொல்ல எழுது, தம்பி" என்றார். அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: கடுக்காய் மரத்துப் புற்று, இடி இடித்த மூன்றாம் நாள், ஓடை மேட்டுப் புற்று, ஆவணிக் கடைசி, சாமைக் காட்டு வரப்பு, பொடிக் காளான், புரட்டாசி. இப்படி ஐந்து எழுதியாயிற்று. "ஆயா, இன்னும் ஒண்ணு இருக்கே! போன வருசம் ஒரு கூட முழுக்க எடுத்துட்டு வந்தியே, அது எங்க?" என்றான் பையன்.

அம்மாள் எங்கள் நால்வரையும் ஒரு முறை பார்த்தார். வக்கீலைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

"அத நீ லீவுல வா, கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன். எழுதாத" என்றார்.